இரவில் ஒன்பது முறை தேடப்படும் நிப்பிள்

சென்ற வாரம் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஏழு மாதப் பெண் குழந்தையைச் சளிக்காகக் கொண்டுவந்தார்கள். நெஞ்சில் ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றிக் கழுத்து மடிப்பை விரித்துப் பார்த்தபோதுதான், காதுக்குக் கீழிருந்து பிடரி வரை மெல்லிய சிவப்புக் கோடு ஓடுவது தெரிந்தது. என்ன இது என்று கேட்டதும், பாட்டி மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்: கறுப்புக் கயிற்றில் கோத்த, பால் வராத, வெறுமனே சப்புவதற்கான ரப்பர் நிப்பிள். இரவில் வாயிலிருந்து நழுவினால் இருட்டில் பாயெல்லாம் துழாவ வேண்டியிருக்கிறது என்பதற்காக, அதைக் குழந்தையின் கழுத்திலேயே கட்டிவிட்டிருந்தார்கள். இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள் என்று தாயைக் கேட்டேன். "ஒன்பது தடவைங்க டாக்டர், சில நாள் பத்தும் ஆகுது" என்றார். அத்தனை முறையும் அவர் எழுந்தது பால் கொடுப்பதற்காக அல்ல, நழுவிய நிப்பிளை மறுபடி வாயில் வைப்பதற்காக. "ரப்பர் இருந்தாத்தானுங்க அம்மணி தூங்குது, எடுத்தா வூடே ரெண்டாகுது" என்றார் பாட்டி.

இந்த மாதத்தில் இப்படி என்னிடம் வந்த நான்காவது குழந்தை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், விவாதத்துக்கே இடமில்லாத இரண்டைச் சொல்லிவிடுகிறேன். உறங்கும் குழந்தையின் கழுத்தைச் சுற்றிக் கயிறோ சங்கிலியோ நாடாவோ எதுவும் இருக்கக் கூடாது. நிப்பிளைத் தேனில் தொட்டு வைக்கவும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து, ஒரு வயது நிறையாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும்; மூச்சுவிடும் தசைகளும் அதில் அடங்கும். மலைத்தேன், சுத்தமான தேன், காய்ச்சிய தேன் என்று யார் என்ன சொல்லிக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டு அடுப்பில் காய்ச்சுவதால் அந்த வித்து சாவதில்லை.

இனி, என்னை மிகவும் வாட்டும் எண்ணத்துக்கு வருகிறேன். குழந்தை இரவில் அசைந்தால் விழித்துவிட்டது என்றும், முனகினால் அழப்போகிறது என்றும், வாயைச் சப்புக்கொட்டினால் உடனே எதையாவது வாயில் வைத்தாக வேண்டும் என்றும் ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் நம்புகிறார்கள். இது தவறு. பிறந்த குழந்தையின் உறக்கத்தில் ஏறத்தாழ பாதி, அசைவுள்ள உறக்கம். அந்த நேரத்தில் இமைக்குள் விழி உருளும், உதடு சப்பும், முகம் சுருங்கும், கை தூக்கிப் போடும், மூச்சு சீராக இல்லாமல் வேகம் கூடிக் குறையும், தொண்டையிலிருந்து பூனைக்குட்டியைப் போல ஒரு முனகல் வரும், சில வேளை அரை நொடி கண்கூடத் திறக்கும். இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது குழந்தை உறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. பெரியவர்களின் உறக்கச் சுற்று சுமார் 90 நிமிடம் என்றால் சின்னக் குழந்தையின் சுற்று 50 முதல் 60 நிமிடம்தான். ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உறக்கம் மெலிந்து, குழந்தை கொஞ்சம் புரண்டு, தானே மீண்டும் ஆழ்ந்துவிடும். அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் விளக்கைப் போட்டு, தூக்கி, தோளில் சாய்த்து, நிப்பிளை வாயில் திணிக்கிறோம். உறங்கிக்கொண்டிருந்த குழந்தையை எழுப்பியது நாம். அதைத் தூங்க வைத்தது ரப்பர் என்று பெயர் வந்துவிடுகிறது. இரவு முழுக்க இதுவே நடக்கிறது.

1970-களில் அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஆண்டர்ஸ், குழந்தைகள் உறங்குவதை இரவெல்லாம் வீடியோவில் பதிவுசெய்து பார்த்தார். 'இரவு முழுதும் தூங்குகிறது' என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் இடையில் விழிக்கத்தான் செய்தன. விழித்தவை சத்தமில்லாமல் தாமாகவே மறுபடி உறங்கிப்போனதால் பெற்றோருக்கு அது தெரியவில்லை. ஆகவே விழிக்காத குழந்தை என்று ஒன்று இல்லை. விழித்த பிறகு எதைத் தேடுகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. கண் செருகும்போது வாயில் ரப்பர் இருந்தால், நடுச்சாமத்தில் அரைக்கண் திறக்கும்போதும் அந்த ரப்பரைத்தான் தேடும். தோளில் உறங்கிப் பாயில் விழித்தால் தோளைத் தேடும். ஆட்டம் நின்ற தூளியில் விழித்தால் ஆட்டத்தைத் தேடும். படுத்தபோது இருந்தது விழித்தபோதும் அப்படியே இருந்தால் தேடுவதற்கு ஒன்றுமில்லை.

நிப்பிளை நான் நஞ்சு என்று சொல்லவில்லை. குறைமாதத்தில் பிறந்து குழாய் வழியாகப் பால் குடிக்கும் குழந்தைக்கு உறிஞ்சிப் பழக நாங்களே அதைக் கொடுப்பதுண்டு. உறக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணத்தின் ஆபத்தை அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டுவதால், தாய்ப்பால் நன்றாக நிலைபெற்ற பின் தூங்கும் நேரத்தில் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. அதே கழகம், உறங்கிய பின் விழுந்துவிட்டால் திரும்ப வைக்கத் தேவையில்லை என்றும், கழுத்தில் கட்டவே கூடாது என்றும் சொல்கிறது. நம் வீடுகளில் பரிந்துரையின் முதல் பாதி எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது, மறுபாதி வரவில்லை. ஆறு மாதம் கடந்த பிறகும் தொடர்ந்தால் காதில் சீழ் பிடிப்பது அதிகமாகிறது. இரண்டு, மூன்று வயது வரை நீண்டால் முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விழுகிறது. வாயில் வெண்படலத்தோடு வரும் குழந்தைகளின் நிப்பிளை வாங்கிப் பார்த்தால், அதன் விளிம்பில் காய்ந்த பாலும் மண்ணும் ஒட்டியிருக்கும். கீழே விழுந்ததைத் தாய் தன் வாயில் ஒருமுறை சப்பிவிட்டுத் திரும்பக் கொடுப்பதை என் கண்ணெதிரேயே பார்க்கிறேன்.

மிகச் சின்னக் குழந்தைக்கு இன்னொரு கேடும் உண்டு. இரண்டு மாதக் குழந்தை ஒன்று, பிறந்தபோது 2.8 கிலோ, வந்தபோது 3.3 கிலோ. முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும் என்ற கணக்கில், அது 4.3 கிலோவையாவது தொட்டிருக்க வேண்டும். "அழவே அழாதுங்க, ரொம்பச் சமத்து" என்று பெருமையாகச் சொன்னார்கள். கையை வாய்க்குக் கொண்டுபோவதும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுவதும் பசியின் முதல் மொழி. அழுகை கடைசியாக வருவது. அந்த முதல் மொழிக்கு ஒவ்வொரு முறையும் ரப்பர் பதிலாகக் கிடைத்ததால், சமத்துப் பிள்ளை பசியோடு உறங்கிக்கொண்டிருந்தது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இரவில் தானே உறங்கும் பயிற்சி எதுவும் வேண்டாம். இருபத்துநான்கு மணி நேரத்தில் எட்டு முதல் பன்னிரண்டு முறை அதற்குப் பால் வேண்டும், அதில் சில இரவில்தான் வரும். பகல் எது இரவு எது என்று உடம்புக்குத் தெரியத் தொடங்குவதே இரண்டு, மூன்று மாதத்தில்தான். ஆறாவது வார வாக்கில் மாலை நேர அழுகை உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தணியும். அந்த மாலை நேரங்களில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், கெட்டுப்போய்விடாது.

ஏழு மாதத்துக் கதை வேறு. அந்தத் தாய்க்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். படுக்கைக்கு முன் நடப்பவை தினமும் ஒரே வரிசையில் நடக்கட்டும்: வெந்நீரில் உடம்பு துடைத்தல், பருத்திச் சட்டை, விளக்கைத் தணித்தல், பால், அதன்பின் தாலாட்டு. பாலை இந்த வரிசையின் கடைசியில் வைக்காமல் தாலாட்டுக்கு முன்னால் வைத்துவிட்டால், காம்பை வாயில் வைத்துக்கொண்டே கண்மூடும் பழக்கம் மெல்ல விலகும். கண் கனத்து, இமை பாதி இறங்கி, ஆனால் இன்னும் விழித்திருக்கும்போதே பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். இந்த ஒரு தருணத்தைப் பிடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சிணுங்கினால் உடனே தூக்காதீர்கள். நெஞ்சின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் அப்படியே இருங்கள், மெதுவாகப் பேசுங்கள், பாடுங்கள். தன் கைவிரலைத் தானே தேடி வாயில் வைத்துக்கொண்டால் தட்டிவிடாதீர்கள். கருவறையிலேயே பழகிய ஆறுதல் அது, இருட்டில் யாரும் தேடிக் கொடுக்க வேண்டியதில்லை.

நடுஇரவில் சத்தம் கேட்டால் முதலில் வெறுமனே கேளுங்கள். இரண்டு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தால், அது எவ்வளவு நீண்ட நேரம் என்பதும், அதற்குள் எத்தனை முறை குழந்தை தானே அடங்கிவிடுகிறது என்பதும் புரியும். அடங்காவிட்டால் குரல், அதற்கும் அடங்காவிட்டால் கை, அதற்கும் அடங்காவிட்டால் தூக்குங்கள். பசிக்கு எழுந்தால் பால் கொடுங்கள். ஏழு மாதத்தில் இரவு ஒன்றிரண்டு முறை பால் கேட்பது குறையல்ல. கதவைச் சாத்திவிட்டு அழவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், நான் அதைச் சொல்லவில்லை. மூன்று முதல் ஏழு இரவுகள் கடினமாக இருக்கும். நான்காம் இரவில் மனம் இளகி ஒரே ஒரு முறை நிப்பிளைக் கொடுத்துவிட்டால், விடாமல் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். அப்பாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு வாரம் நடுஇரவு முறையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பால் வாசம் இல்லாத கை நெஞ்சில் இருந்தால் குழந்தை பாலைத் தேடுவது குறையும், தாயும் தொடர்ச்சியாக நான்கு மணி நேரம் உறங்குவார். பக்கத்து வீட்டார் காலையில் விசாரிப்பார்கள். பல் முளைக்கிறது என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தூளியைப் பற்றிக் கேட்காமல் எந்தப் பாட்டியும் என் அறையை விட்டுப் போனதில்லை. பகலில் ஒருவர் பார்வையில் இருக்கத் தூளியில் ஆடட்டும். இரவில் வேண்டாம், சேலை குழிந்து முகவாய் நெஞ்சில் முட்டினால் மூச்சு தடைப்படும். கோரைப்பாயும் அதன்மேல் மடித்த பருத்தி விரிப்பும் போதும், தாயின் கை எட்டும் தூரத்தில், அதே அறையில். இலவம்பஞ்சு மெத்தையும், தலை உருண்டு வருவதற்கான கடுகுத் தலையணையும் வேண்டாம். மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசத் தொடங்கியதும் ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, அதன்மேல் போர்வை என்று சுற்றிக் கொண்டுவருகிறார்கள். பிடரியில் கைவைத்தால் வியர்வை ஓடுகிறது. உடல் சூடேறுவதும் உறக்கத்தில் ஆபத்துதான். காற்று வரும் சன்னலைச் சாத்துங்கள், உறங்கும்போது குல்லாவைக் கழற்றுங்கள்.

நிப்பிளை நிறுத்தும் வாரத்தில் அதற்கு மாற்றாக எதையும் ஊற்றிவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஜாதிக்காய் உரைத்துக் கொடுப்பதும், கசகசாவை அரைத்து ஊற்றுவதும், மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சளி சிரப்பைத் தூக்கத்துக்காகக் கொடுப்பதும் குழந்தையை உறங்க வைப்பதில்லை, மயக்குகின்றன. குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே அறிவுறுத்தியிருக்கிறது. கேரள-தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கக் கடையில் தர மறுத்தால், எல்லையோரக் கோபாலபுரம் தாண்டிப் போய் வாங்கி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அலைச்சலுக்கு என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

எல்லா இரவு அழுகையும் பழக்கத்தால் வருவதல்ல. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும், பாலை மறுத்தாலும், பச்சையாக வாந்தி எடுத்தாலும், மூச்சுக்கு நெஞ்சு குழிவிழுந்தாலும், எடுத்தும் அடங்காமல் வீறிட்டுக்கொண்டே இருந்தாலும், நாளொன்றுக்கு ஆறு முறை கூடச் சிறுநீர் போகாவிட்டாலும் காத்திருந்து பார்க்கச் சொன்ன எதுவும் பொருந்தாது. விடியட்டும் என்று இருக்காமல், அந்த நேரத்திலேயே அருகில் உள்ள ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.