போர்முனைக்கு மருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு

எங்கேயாவது சண்டை மூண்ட செய்தி வந்தால், காரைக்குடியில் யாராவது மருந்துப் பையோடு என்னைத் தேடி வந்துவிடுகிறார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது, கொண்டுவிற்கப் போன குடும்பங்கள் கடையையும் கணக்கையும் போட்டுவிட்டு ஓடிவந்த கதையை வளவில் உட்கார்ந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மனம் பதறத்தான் செய்யும்.

நான் மருந்தாளுநர். போர் நடக்கும் நாடுகளுக்கு மருந்து அனுப்பும் கிடங்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தயவுசெய்து மருந்தைக் கொண்டுவராதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் அண்மையில் மஞ்சள் பையை மேசைமேல் கொட்டினார். காலமான கணவரின் மருந்துகள். “அங்கே பிள்ளைகள் மருந்தில்லாமல் தவிக்கிறார்களே, சேர்த்துவிடு தம்பி” என்றார். சர்க்கரை மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் பாதி அட்டைகளாக இருந்தன. காலாவதித் தேதி அச்சிட்ட ஓரம் கத்தரியோடு போயிருந்தது. அடியில் திறக்காத இன்சுலின் குப்பி ஒன்று. அதை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெயில் காலம் முழுக்க அது அலமாரியில் கிடந்திருக்கிறது.

ஆச்சி தேர்ந்தெடுத்த மருந்துகளில் தவறே இல்லை. குண்டு விழும் ஊர்களை விட்டுக் கிளம்ப முடியாமல் தங்கிவிடுபவர்களில் முதியவர்கள் அதிகம். அவர்களுக்குத் தேவைப்படுவது இதே மாத்திரைகள்தான். ஆனால் தேதியும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இல்லாத அட்டையை எந்த மருத்துவரும் நோயாளி கையில் கொடுக்க மாட்டார். ஒருவருக்குக் கொடுத்து மிஞ்சிய மருந்தை நன்கொடையாக அனுப்பக் கூடாது, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. 1992இல் தொடங்கிய போஸ்னியப் போரின்போது நன்கொடையாக வந்த மருந்தில் பாதிக்கு மேல் பயன்படாதவை. சுமார் 17,000 டன் குவிந்து, அதை அழிப்பதே அந்த நாட்டுக்குப் பெருஞ்செலவாகிப்போனது.

பால்பவுடர் இன்னும் ஆபத்தானது. சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க எரிபொருளும் இல்லாத இடத்தில் கைக்குழந்தைக்கு அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், தாய்ப்பாலையும் நிறுத்திவிடும்.

கிடங்கிலிருந்து போர்முனைக்குப் போகும் கடைசிச் சில கிலோமீட்டர்தான் கடினம். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பெட்டியையும் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாத பொருள் ஒன்று கலந்திருந்தாலும் லாரி நின்றுவிடும், அதுவும் ஷெல் விழும் தூரத்தில். வண்டி எண், பாதை, நேரம் எல்லாவற்றையும் சண்டையிடும் தரப்புகளுக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அப்படித் தெரிவித்த பிறகும் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. 2024 ஏப்ரல் 1 அன்று காசாவின் டெய்ர் அல்-பலாவில் உணவை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பிய வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு உதவித் தொண்டு அமைப்பின் ஊழியர்கள் ஏழு பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்தார்கள். அவர்களின் பயணம் ராணுவத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. நிவாரணத்துக்கு வழிவிட வேண்டும் என்று 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தமும் 1977இன் கூடுதல் நெறிமுறையும் சொல்கின்றன. ஆனாலும் வழி திறப்பது ஒவ்வொரு நாளும் நடத்த வேண்டிய பேச்சுவார்த்தைதான். 2009இல் இலங்கையின் வன்னியில் தரைவழி அடைபட்ட பின், செஞ்சிலுவைச் சங்கம் புதுமாத்தளன் கரையிலிருந்து காயம்பட்டவர்களைக் கப்பலில் திருகோணமலைக்குக் கொண்டுபோனது இருதரப்பும் சம்மதித்த நாள்களில் மட்டுமே.

ஆகவே, பொருளைவிடப் பணமே உதவும். உலக சுகாதார நிறுவனம் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொற்றாநோய்களுக்கென்று தயாரிக்கும் மருந்துத் தொகுப்பு ஒன்று 10,000 பேர் உள்ள பகுதிக்கு மூன்று மாதம் வரும். சீராக அடுக்கிய பெட்டி, ஒரே பட்டியல். சாவடியில் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. நம் பணம் இப்படிப்பட்டவற்றை வாங்க உதவட்டும்.

பணம் கொடுக்கும் முன் விசாரியுங்கள். தனிநபர் பெயரில் வரும் க்யூஆர் குறியீட்டுக்கு அனுப்பாதீர்கள். போர்ச் செய்தியோடு மோசடிக்காரர்களும் கிளம்பிவிடுகிறார்கள். அமைப்பின் பதிவு விவரத்தையும் ரசீதையும் கேளுங்கள். பொருளைக் கடைசி ஊருக்குக் கொண்டுபோவது யார், அங்கே யாருக்குக் கொடுப்பது என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள், வழி அடைபட்டால் சரக்கை என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். களத்தில் வேலை செய்பவர்களிடம் இதற்கெல்லாம் பதில் இருக்கும்.