தொற்று: ஒட்டுவது எது, யார்மீது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புண் ஆறாமல் நாள் கடந்தால் "செப்டிக் ஆகிவிட்டது" என்பார்கள். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிக்கும் இந்தச் சொல் தெரியும். தோட்டத்து டிரெஸ்ஸர்கள் விட்டுப்போன சொத்தாக இருக்கும் என்பது என் ஊகம். காயத்துக்குக் கட்டுப் போடுபவர் என்பதால்தான் அவருக்கே அந்தப் பெயர்.

செப்டிக் என்பதன் கிரேக்க வேருக்கு அழுகச் செய்தல் என்று பொருள். வீட்டுக்குப் பின்னால் புதைந்திருக்கும் செப்டிக் டேங்கும் அதே குடும்பம்தான். அங்கே அழுகினால் நல்லது, புண்ணில் அழுகினால் கேடு. தமிழில் சீழ் பிடித்தல், புரையோடுதல் என்ற சொற்கள் முன்பே இருக்கின்றன. ஆனால் இவையெல்லாம் கெட்டுப்போன பிறகு சொல்லும் சொற்கள். தடுக்க நினைப்பவருக்கு அதற்கு முந்தைய கட்டத்தைக் குறிக்கும் சொல் வேண்டும். அதுதான் தொற்று.

தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்ளுதல். விடியற்காலையில் தோட்டத்து லாரியில் தொற்றி ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேச்சில் இதுவே 'தொத்து'. இன்பெக்‌ஷன் என்பதன் லத்தீன் மூலம் சாயத்தில் தோய்த்தலைக் குறிக்கும். தோய்ந்த துணி சாயத்தை உதறிவிட முடியாது. தொற்றியதைக் கழுவி இறக்கிவிடலாம். தமிழ்ச் சொல்லே எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

ஒரு சிக்கல் உண்டு. எங்கள் உறவில் ஒரு பையன்மீது கொதிநீர் கொட்டி, நகரத்து மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் கிடந்தான். மல்லிகைச் சரத்தோடு போன அத்தையைக் கதவருகே நிறுத்தி, பூவை வாங்கி வைத்துக்கொண்டு, கை கழுவச் சொல்லி அங்கி கொடுத்தார்கள். "என் மருமகனுக்கு என்ன தொத்து வியாதியா வந்திருக்கிறது?" என்று அத்தை கொதித்தார். 'தொத்து வியாதி' என்று கேட்டுப் பழகிய காதுக்குத் தொற்று என்றாலே நோயாளியிடமிருந்து நமக்கு வருவது. தீக்காயப் பிரிவில் பெரும்பாலும் இது தலைகீழ். அங்கே காக்கப்படுபவன் பையன்.

தோல்தான் உடம்பின் வேலி. அது வெந்துபோனால் ஈரமும் புரதமும் நிறைந்த திறந்த இடம், கிருமிக்கு விருந்து. ஆழமாக வெந்த தோலுக்குள் ரத்த ஓட்டம் இல்லை என்பதால் ஊசியில் ஏற்றும் மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது. அதனால்தான் 1968இல் அறிமுகமான சில்வர் சல்ஃபாடயஸின் போன்ற களிம்புகளை மேலேயே பூசினார்கள். வெந்த பகுதியைச் சீக்கிரமே வெட்டி நீக்கி ஒட்டுத்தோல் வைக்கிறார்கள். பூவைத் தடுத்ததற்கும் காரணம் உண்டு: சூடோமோனஸ் என்ற கிருமிக்குப் பூச்சாடித் தண்ணீரும் கைகழுவும் தொட்டியின் ஈரமும் நல்ல இருப்பிடம். அத்தையின் மல்லிகைக்குச் சாடி கிடையாதுதான். சட்டம் அதையெல்லாம் பார்ப்பதில்லை.

முதலில் புண்ணை அடைபவை வெளியாள்கூட அல்ல, பையனின் சொந்தத் தோலில் இருந்தவை. மயிர்க்கால்களில் தப்பிப் பிழைத்த கிருமிகள் இரண்டொரு நாளில் மேலே வந்துவிடும். அப்படி வந்து தங்குவது இன்னும் தொற்று ஆகாது. அதைக் 'குடியேற்றம்' என்கிறார்கள். உயிருள்ள சதைக்குள் இறங்கிக் கேடு செய்தால்தான் தொற்று. தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதில்லை: வந்தவன் வேறு, பற்றிக்கொண்டவன் வேறு.

வார்டுப் பலகையில் மலாயில் 'ஜங்கித்தான்', அதாவது தொற்று, என்று இருந்தது. அடியில் தமிழில் எழுதச் சொன்னால் 'தொற்றுத் தடுப்பு' என்று மட்டும் எழுதமாட்டேன். 'நோயாளிக்குத் தொற்றாமல் காத்தல்' என்று எழுதுவேன். அந்த நான்காம் வேற்றுமை உருபு இருந்திருந்தால் அத்தை சண்டை பிடித்திருக்கமாட்டார்.