2.3.1-ஐ 2.4.0 ஆக்கினால் என்ன நடக்கிறது?

ஒரு மொபைல் செயலிக்குள் ஓடும் நிரலில் பெரும்பகுதியை அந்தச் செயலியை உருவாக்கியவர்கள் எழுதியிருப்பதில்லை. படத்தை இறக்கிக் காட்ட ஒரு லைப்ரரி (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பு), தரவைச் சேமிக்க ஒன்று, வரைபடத்துக்கு இன்னொன்று என்று வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்திருப்பார்கள். புராஜெக்ட் கோப்பில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும்: லைப்ரரியின் பெயர், பக்கத்திலேயே வெர்ஷன் எண். அப்டேட் என்பது அந்த 2.3.1-ஐ அழித்து 2.4.0 என்று எழுதுவதுதான். ஐந்து நொடி வேலை. ஆனாலும் வெள்ளிக்கிழமை மாலையில் யாரும் அதில் கை வைக்கமாட்டார்கள்.

எண்ணுக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதல் எண் மாறினால் பழைய நிரல் உடையலாம். நடு எண் மாறினால் புதிய வசதி வந்திருக்கிறது, பழையது அப்படியே ஓடும். கடைசி எண் மாறினால் பிழைத்திருத்தம் மட்டும். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பின் நிறுவனர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிவைத்த இந்த முறைக்கு செமான்டிக் வெர்ஷனிங் என்று பெயர். நல்ல முறைதான். ஆனால் அந்த எண்ணைப் போடுவது மனிதர். "இதனால் யாருக்கும் எதுவும் உடையாது" என்று அவர் நினைப்பதைத்தான் நடு எண் சொல்கிறது. அதைச் சரிபார்த்துச் சொல்வது கணினி அல்ல.

உண்மையான சிக்கல் அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிறது. நாம் கேட்ட லைப்ரரிக்கும் வேறு லைப்ரரிகள் தேவை, அவற்றுக்கும் வேறு சில. நம் பட லைப்ரரிக்கு ஒரு நெட்வொர்க் லைப்ரரியின் 3-ஆம் வெர்ஷன் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நாம் இப்போது அப்டேட் செய்த லாகின் லைப்ரரியோ அதே நெட்வொர்க் லைப்ரரியின் 4-ஐக் கேட்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளைக் கொண்டுவரும் என்பிஎம் போன்ற கருவி இரண்டையும் தனித்தனிப் பிரதிகளாக வைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் அது முடியாது. ஒரே பெயருள்ள கிளாஸ் (நிரலில் பெயரிட்ட ஒரு பகுதி) ஒரு செயலிக்குள் இரண்டு முறை இருக்கக் கூடாது. ஆகவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். நாம் வேறெதுவும் சொல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு செயலிகளைக் கட்டும் கருவியான கிரேடில் பெரிய எண்ணை, அதாவது 4-ஐ எடுத்துக்கொள்ளும். அதே சண்டையில் மேவன் என்ற இன்னொரு கருவி வேறு மாதிரி தீர்ப்புச் சொல்லும்: லைப்ரரிச் சங்கிலியில் நம் புராஜெக்டுக்கு எது நெருக்கமான கண்ணியோ அது.

சரி, 4 வந்துவிட்டது. நிரலைச் செயலியாகக் கட்டும் பில்டும் வெற்றி. நம் நிரலைத்தான் இப்போது கம்பைல் செய்தோம், அதாவது கருவி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றினோம். பட லைப்ரரி அதை எழுதியவரின் கணினியில், 3-ஐ வைத்து, எப்போதோ கம்பைல் ஆனது. 3-இல் இருந்த ஒரு ஃபங்ஷனை 4-இல் நீக்கியிருந்தால் அது நமக்கு பில்ட் நேரத்தில் தெரியவே தெரியாது. செயலி திறக்கும், முகப்புப் பக்கம் வரும், எல்லாம் ஓடும். யாரோ ஒருவர் புரொஃபைல் படத்தைத் தட்டும்போது, அந்த ஃபங்ஷனை அழைக்கும் கணத்தில், "அப்படி ஒரு மெத்தட் (அதாவது ஃபங்ஷன்) இல்லை" என்று செயலி விழும். இப்படி ஒரு க்ராஷுக்கு இரண்டு நாள் என் நிரலையே துருவிக்கொண்டிருந்திருக்கிறேன். தவறு அதில் ஒரு வரியிலும் இல்லை.

எல்லா நிபந்தனைகளையும் ஒருசேரத் திருப்திசெய்யும் வெர்ஷன்களைத் தேடுவது கணிதரீதியாகவே கடினமான புதிர். கணினியியலில் என்பி-முழுமை என்ற வகையைச் சேர்ந்தது. நடைமுறையில் பெரும்பாலும் நொடிகளில் முடிந்துவிடும். முடியாதபோதுதான் வேதனை. டார்ட் மொழிக்காக உருவான பப்கிரப் என்ற முறை எனக்குப் பிடித்ததற்குக் காரணம், தோற்றால் ஏன் தோற்றது என்பதை அது படிக்கக்கூடிய வாக்கியங்களில் சொல்லும். கிடைத்த விடை லாக் கோப்பில் பதிவாகும். அதையும் நிரலோடு சேர்த்துவைத்தால்தான் நம் கணினியில் வந்த அதே வெர்ஷன்கள் அடுத்தவர் கணினியிலும் வரும்.

இவ்வளவு தொல்லை என்றால் அப்டேட்டே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? 2023 செப்டம்பரில், வெப்பி என்ற வடிவிலுள்ள படங்களைப் படித்துக் காட்ட உதவும் லிப்வெப்பி லைப்ரரியில் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. ஒரு படத்தைத் திறப்பதே தாக்குதலுக்கு வழி. அதை நேரடியாகச் சேர்க்காத செயலிகளுக்குள்ளும் அது வேறொரு லைப்ரரியின் வாலைப் பிடித்து வந்து உட்கார்ந்திருந்தது. அப்புறம் நினைவகப் பக்கங்கள், அதாவது நினைவகத்தைப் பிரித்துக் கையாளும் துண்டுகள். ஆண்ட்ராய்டு நெடுங்காலம் 4 கேபி பக்கங்களில் ஓடியது. இப்போது 16 கேபி சாதனங்களும் உண்டு. ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகள் 2025 நவம்பர் 1 முதல் இதற்கு ஒத்துப்போக வேண்டும் என்று கூகுள் பிளே விதித்தது. பிறர் சி++-இல் எழுதி, 4 கேபிக்கு மட்டும் பொருந்தும்படி கம்பைல் செய்து தந்த கோப்பை நாம் திருத்த முடியாது. அவர்கள் தரும் புதிய வெர்ஷனுக்குப் போக வேண்டியதுதான். அதுவரை 2-இலேயே தங்கியிருந்தவர் ஒரே தாவலில் 5-க்குப் போக வேண்டிவரும்.

அதனால் ஒவ்வொரு லைப்ரரியாக ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஓட்டிப் பார்ப்பதே என் வழக்கம். அதுவும் பயனர்களுக்குப் போகும் ரிலீஸ் பில்டில். செயலியின் அளவைக் குறைக்க ஆர்8 என்ற கருவி யாரும் அழைக்காத கிளாஸ்களை வெட்டியெறியும். புதிய வெர்ஷன் ஒரு கிளாஸைப் பெயரை மட்டும் வைத்து, ஓடும்போது தேடி எடுத்தால், யாரும் அதை அழைக்கவில்லை என்றே ஆர்8-க்குத் தோன்றும், அதையும் வெட்டிவிடும். எழுதும்போது நாம் ஓட்டிப் பார்க்கும் டீபக் பில்டில் இந்த வெட்டு வழக்கமாக நடப்பதில்லை. அதனால் டீபக் பில்ட் ஓடும் என் மேசைப் போனில் எல்லாம் சரியாகவே ஓடும்.