ரேஞ்ச்ஃபைண்டரில் போலரைசர் மாட்டுவதற்கு முன்

யாஷிகா எலக்ட்ரோ 35, கேனோனெட், கையில் காசு இருந்தால் லைக்கா என்று பழைய ரேஞ்ச்ஃபைண்டர் பிலிம் கேமராக்களைத் தேடிப் பிடிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் கழுவிக் கொண்டுவரும் பிலிம்களில் நான் அடிக்கடி கேட்கும் புகார்: "போலரைசர் போட்டேன் சார், வானம் நீலமாவே வரல. படமும் இருட்டா இருக்கு." போலரைசர் என்பது பளபளப்பைக் குறைக்கவும் வானத்தை அடர்நீலமாக்கவும் லென்ஸ் முன் மாட்டித் திருகும் ஃபில்டர். பெரும்பாலும் அதில் கோளாறு இருக்காது.

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். ஃபில்டரைத் திருகும்போது தண்ணீர்மேல் உள்ள பளபளப்பு விலகுவது கண்ணெதிரே தெரியும். ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் பார்ப்பது தனி ஜன்னல். லென்ஸ் மூடியைக் கழற்றாமலே முழு ரோலையும் எடுத்து முடிக்கலாம், அந்த ஜன்னல் ஒன்றும் சொல்லாது. போலரைசர் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பதையும் அது காட்டாது.

அதனால் ஃபில்டரை மாட்டாமல் கண்ணருகே பிடித்துத் திருப்புங்கள். வேண்டிய விளைவு வந்ததும் விளிம்பிலுள்ள குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குறி இல்லாவிட்டால் சொட்டு நகப்பூச்சு போதும். கடிகாரக் கணக்கில் 2 மணி இடம் என்று வைத்துக்கொள்வோம். லென்ஸில் மாட்டிய பிறகும் குறி 2 மணியில் நிற்க வேண்டும், ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். கேமராவை முகத்துக்கு நேரே திருப்பி, முன்பக்கம் பார்த்து 2 மணியில் வைத்தால் அது உண்மையில் 10 மணி. அப்புறம், படத்தைச் செங்குத்தாக எடுக்கக் கேமராவைச் சாய்த்தால் ஃபில்டரும் கூடவே 90 டிகிரி சாய்ந்துவிடும், திரும்பச் சரிசெய்யுங்கள். பழைய 50 எம்எம் எல்மார் போன்ற லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன்பக்கமே சுற்றும். அவற்றில் முதலில் ஃபோகஸ், பிறகு ஃபில்டர். லைக்கா இதற்கென்றே வியூஃபைண்டர் முன் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி லென்ஸ்மேல் இறக்கும் போலரைசர் ஒன்றைச் செய்தது. நல்ல ஏற்பாடு, விலைதான் கடிக்கும்.

போலரைசரில் சர்குலர், லீனியர் என்று இரண்டு வகை. சர்குலர் என்றால், கண்ணருகே பிடிக்கும்போது லென்ஸில் திருகும் மரை உள்ள பக்கம் கண்ணைப் பார்க்க வேண்டும். புரட்டிப் பிடித்தால் எவ்வளவு திருப்பினாலும் ஒன்றும் தெரியாது. சந்தேகமா, எல்சிடி கம்ப்யூட்டர் திரை முன் பிடித்துச் சுற்றுங்கள்: சரியான பக்கம் என்றால் திரை கறுத்து மீளும். இரு பக்கமும் கறுத்தால் அது லீனியர். இந்த பிலிம் கேமராக்களுக்கு லீனியரே போதும். பழையது மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம்.

இனி அந்த இருட்டு. போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் ஒளியை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). லைக்கா எம்6 லென்ஸ் வழியாக வரும் ஒளியையே அளக்கிறது. கேனோனெட் கியூஎல்17 ஜி3-யில் ஒளியை அளக்கும் மீட்டர் கண் லென்ஸ் வளையத்துக்குள் இருப்பதால் ஃபில்டர் அதையும் மூடும். இரண்டிலும் ஃபில்டருக்காக நீங்கள் தனியாக எதையும் கூட்டிக் குறைக்க வேண்டாம். எலக்ட்ரோ 35-இல் கண் உடம்பின் முன்பக்கத்தில் இருக்கிறது, ஃபில்டர் போட்டது அதற்குத் தெரியாது. ஷட்டர் வேகத்தைக் கையால் வைக்கவும் முடியாது. அதனால் 400 பிலிம் போட்டிருந்தால் ஏஎஸ்ஏ (பிலிமின் ஒளியுணர்வு) டயலை இரண்டு ஸ்டாப் குறைத்து 100-க்குத் திருப்புங்கள், கழற்றியதும் மறக்காமல் 400-க்கு. மீட்டரே இல்லாத லைக்கா எம்3-யில் நீங்களே லென்ஸ் துவாரத்தை அந்த அளவுக்குக் கூடுதலாகத் திறக்க வேண்டியதுதான்.

வானம் கறுப்பது சூரியனுக்கு 90 டிகிரி தள்ளிய பட்டையில்தான். நம் ஊரில் உச்சி வெயிலில் அந்தப் பட்டை அடிவானத்தை ஒட்டிச் சுற்றிவரும். காலையிலும் மாலையிலும் வடக்கிலிருந்து தலைக்குமேல் ஏறித் தெற்கே இறங்கும். 28 எம்எம் அல்லது அதைவிட அகலமான லென்ஸில் பாதி வானம் அடர்நீலமும் பாதி வெளிறியும் வருவது இதனால்தான். அங்கே நான் போலரைசரைக் கழற்றிவிடுவேன்.

தண்ணீரிலும் கண்ணாடியிலும் சாய்வாகப் பார்க்கும்போது, தளத்திலிருந்து ஏறக்குறைய 35 டிகிரி அளவில், பலன் அதிகம். கண்ணாடிக்கு நேர் எதிரே நின்றால் ஒன்றும் நடக்காது. எவர்சில்வர், பித்தளைக் குத்துவிளக்கு போன்ற வெற்று உலோகங்களின் மினுமினுப்பும் இதற்கு மசியாது. அதற்கு ஃபில்டரைத் திருகி நேரத்தை வீணாக்காதீர்கள், லைட்டை நகர்த்துங்கள்.