சர்வரில் கைகொடுக்கும் எடிட்டர்

போன மாதம் ஒருநாள் இரவு 11.30 மணிக்கு எங்கள் அணியில் புதிதாகச் சேர்ந்த தம்பி கூப்பிட்டான். "அண்ணா, சர்வர்ல கான்ஃபிக் ஃபைலைத் திறந்தா ஸ்வாப் ஃபைல் இருக்குன்னு கேக்குது. டிலீட் கொடுத்துடவா?"

கொடுக்காதே என்றேன். அவன் ஒரு மணிநேரமாக மாற்றிய வரிகள் அதில்தான் இருந்தன. இடையில் நெட் போய் இணைப்பு அறுந்திருக்கிறது.

அவன் திறந்தது விம் எடிட்டரில்; சர்வரில் மவுஸ் இல்லாமல் விசைகளாலேயே ஃபைலைத் திருத்த உதவுவது. விம்மில் நாம் எழுத எழுத, சேமிக்காத மாற்றங்கள் ஸ்வாப் ஃபைலில் பதிந்துகொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கை வந்தால் முதலில் பிராசஸ் எண்ணுக்குப் பக்கத்தில் "இன்னும் ஓடுகிறது" என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஃபைல் வேறெங்கோ திறந்திருக்கிறது, வெளியே வந்துவிடுங்கள். இல்லையென்றால் 'ஆர்' அழுத்தி மீட்டு, வேறு பெயரில் சேமித்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபிறகு ஸ்வாப்பை அழிக்கலாம். தம்பிக்கு எல்லா வரிகளும் திரும்பக் கிடைத்தன.

அவனைக் குறை சொல்ல மாட்டேன். கல்லூரியில் டர்போ சி-யின் நீலத் திரை மட்டுமே எனக்கும் தெரியும். முதல் வேலையில் கொடுத்த சர்வரில் இருந்தது விம்முக்கு முன்னோடியான விஐ மட்டும்தான். வெளியே வரவே தெரியாமல் ஜன்னலை மூடிவிட்டுப் போயிருக்கிறேன்.

அதன் வரலாறு தெரிந்தபிறகுதான் விசைகள் பிடிபட்டன. பில் ஜாய் 1976-இல் பெர்க்லியில் விஐ-யை எழுதியபோது பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில், கர்சரை நகர்த்தும் ஹெச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சாகியிருந்தன. எழுதுவதை நிறுத்திக் கட்டளைக்குத் திரும்ப அழுத்தும் எஸ்கேப் விசையோ, இன்று டேப் இருக்கும் இடத்தில், விரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. நம் கீபோர்டில் அது மூலைக்குப் போய்விட்டது. அதனால் நான் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றி வைத்திருக்கிறேன். மணிக்கட்டு வலி எனக்குக் குறைந்தது அப்புறம்தான்.

வாரத்துக்கு ஒரு கட்டளை என்று பழகினேன். 'சி, ஐ, டபிள்யூ' அழுத்தினால் கர்சர் நிற்கும் சொல் போய்விடும், புதியதை எழுதலாம். எஸ்கேப் அழுத்தி, அடுத்த இடத்துக்குப் போய் ஒரு புள்ளி வைத்தால் அதே மாற்றம் அங்கேயும் நடக்கும். இந்தப் புள்ளிக்காகவே விம்மை இன்றும் விட முடியவில்லை.

சரி, அதை மட்டுமா வைத்திருக்கிறேன்? இல்லை. பகல் வேலைக்கு விஎஸ் கோட் என்ற எடிட்டர், அதற்குள் விம் விசைகள். 2014-இல் வந்த ஆட்டம் எடிட்டர் 2022 டிசம்பரோடு நிறுத்தப்பட்டது. எடிட்டர் மாறினாலும் கைப்பழக்கம் கூடவே வர வேண்டும் என்றுதான் இந்த ஏற்பாடு.

தம்பியிடம் விம்டியூட்டரை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன், அரைமணி நேரப் பாடம்தான். மூன்று முறை முடித்துவிட்டான். நேற்று அவன் திரையை எட்டிப் பார்த்தேன். அம்புக்குறி விசைகளையே அணைத்து வைத்திருக்கிறான்.