அப்பாவுக்கு வேர், மகளுக்குச் சுவர்

வேல்ஸின் வடமேற்கே, டோல்கெத்லாய் என்ற சிற்றூரை ஒட்டி கோய்ட்-அ-ப்ரெனின் காடு இருக்கிறது. மலைச் சைக்கிளுக்கென்றே பாதை வெட்டிய பிரிட்டனின் முதல் மையம் 1990-களில் இங்கேதான் உருவானது. ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒற்றையடித் தடங்கள், வழியெல்லாம் கற்பாளங்கள், மழை மேல்மண்ணை அரித்ததில் வெளியே துருத்தி நிற்கும் வேர்கள். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். தடத்தின் கடினத்தைச் சொல்ல பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பலகைகள் உண்டு. ஆனால் ஓட்டுபவர் எவ்வளவு உயரம், எவ்வளவு எடை, சக்கரம் எத்தனை அங்குலம் என்பது பலகைக்குத் தெரியாது. ஒரே நீலத் தடத்தில் முன்னும் பின்னுமாகப் போகும் அப்பாவும் எட்டு வயது மகளும், இயற்பியல் கணக்குப்படி, இரண்டு வேறு தடங்களில் போகிறார்கள்.

தடத்தின் குறுக்கே 10 செ.மீ. உயரத்தில் ஒரு வேர் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பாவின் 29 அங்குலச் சக்கரத்துக்கு, டயரையும் சேர்த்து, ஆரம் ஏறக்குறைய 37 செ.மீ. மகளின் 20 அங்குலச் சக்கரத்துக்கு 25 செ.மீ. சக்கரம் வேரைத் தொடும் நொடியில் அதன் அச்சு எந்தச் சாய்வில் மேலேற வேண்டும் என்று பார்த்தால், அப்பாவுக்கு 43 டிகிரி, மகளுக்கு 53 டிகிரி. பத்து டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் முன்சக்கரத்தை மேலேற்றத் தேவைப்படும் உந்துவிசை, அந்தச் சக்கரம் சுமக்கும் எடையைப் போல அப்பாவுக்கு 0.94 மடங்கு, மகளுக்கு 1.33 மடங்கு. போதாக்குறைக்கு, அப்பாவின் அச்சு அந்த 10 செ.மீ. ஏற 25 செ.மீ. தூரம் எடுத்துக்கொள்கிறது, மகளுக்குக் கிடைப்பது 20 செ.மீ. மட்டுமே. குறைந்த இடத்தில் அதே உயரம் என்றால் உதை பலமாகத்தான் விழும்.

இப்போது வேகம். வேரைக் கண்டதும் பயத்தில் பிரேக் பிடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். முன்சக்கரம் வேரின்மேல் ஏறும்போது ஆளும் பைக்குமாகச் சேர்ந்த எடையின் மையம் சுமார் 5 செ.மீ. உயர்கிறது. அதற்கு ஒரு கிலோவுக்கு அரை ஜூல் ஆற்றல் வேண்டும். நடை வேகத்தில், அதாவது விநாடிக்கு ஒன்றரை மீட்டரில் வருபவரிடம் ஒரு கிலோவுக்கு இருப்பதே 1.1 ஜூல்தான். முன்சக்கரம் மட்டுமே கிட்டத்தட்டப் பாதியைத் தின்றுவிடும். மோதலில் வீணாவதும், பின்சக்கரத்தின் பங்கும் இன்னும் பாக்கி. அதே ஆள் இருமடங்கு வேகத்தில் வந்தால் இருப்பு 4.5 ஜூல்; போவது ஒன்பதில் ஒரு பங்கு. வேருக்கு முன்னால் பிரேக் பிடித்தவர் வேரின்மேல் நின்றுபோய்ச் சாய்கிறார். பிரேக்கை விட்டவர் தாண்டிப் போகிறார். இந்தக் கணக்கில் எடைக்கு வேலை இல்லை என்பதால் இது அப்பாவுக்கும் மகளுக்கும் பொது. குழந்தைக்கு இது பிடிபடச் சில நாள் ஆகும், அதட்டினால் இன்னும் அதிக நாள் ஆகும்.

டயர் காற்றில்தான் குடும்பங்கள் அதிகம் கோட்டை விடுகின்றன என்பேன். டயர் தரையில் பதியும் பரப்பு, அது தாங்கும் எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால் வருவது. டயர்ச் சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு இருப்பதால் விடை அச்சாக வராது, தோராயமாகச் சரிதான். அப்பாவும் பைக்கும் சேர்ந்து 94 கிலோ, பாதிக்குச் சற்றே மேல் பின்சக்கரத்தில், அழுத்தம் 25 பிஎஸ்ஐ (அதாவது சதுர அங்குலத்துக்கு 25 பவுண்டு) என்றால் பதிவு 30 சதுர செ.மீ. 30 கிலோ மகளும் 11 கிலோ பைக்கும் அதே 25 பிஎஸ்ஐ-யில் ஓடினால் பதிவு 13 சதுர செ.மீ. தான், தீப்பெட்டியின் மேல்பக்கத்தைவிடச் சிறிது. ரப்பர் கல்லின் மேடுபள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்வுவதில்தான் பிடிமானம் இருக்கிறது. கல்போல ஊதிய டயர் எதையும் கவ்வாது, துள்ளும். மகளின் டயரில் 11 பிஎஸ்ஐ வைத்தால்தான் பதிவு அப்பாவுடையதை எட்டிப் பிடிக்கும். டியூப் உள்ள டயரில் அவ்வளவு இறக்கினால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கிக் கிழியலாம். ஆனாலும் இலகுவான குழந்தையிடம் அந்த அபாயம் பெரியவர்களைவிடக் குறைவு.

மலிவான குழந்தை பைக்குகளில் வரும் ஸ்பிரிங் ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் வைத்த கவையைப் பற்றி ஒரு வார்த்தை: அது பெரும்பாலும் அலங்காரம். 30 கிலோ குழந்தைக்கு அந்த ஸ்பிரிங் அசைவதே இல்லை, கனம் மட்டும் கூடுகிறது. உண்மையான சஸ்பென்ஷன் கை, கால்தான். பெடல்கள் கிடைமட்டமாக, இருக்கையிலிருந்து எழுந்து, முழங்கையும் முழங்காலும் மடக்கி நின்றால் பைக் மட்டும் எகிறும். உடல் அதிகம் எகிறாது.

வேல்ஸில் கோடையிலும் மழைக்குப் பஞ்சமில்லை. பட்டை உரிந்து, டயர்கள் ஏறி ஏறி வழுவழுத்த வேரில் நீர்ப்படலம் நின்றால் உராய்வு மிகச் சொற்பம். அதைக் குறுக்காக, செங்கோணத்தில் கடந்தால் வேர் தரும் உதை நேர் பின்னோக்கி வரும், பைக் நிலை குலையாது. சாய்வாக ஏறினால் உதையின் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பும். அதை எதிர்க்க உராய்வு இல்லாததால் சக்கரம் வேரின் நெடுகே வழுக்கி ஓடிவிடும். அந்தச் சொற்ப உராய்வில் பிரேக்கும் திருப்பலும் பங்கு கேட்டால் முடிந்தது கதை. ஆகவே திருப்பமும் பிரேக்கும் வேருக்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

மழையில்லாத வாரத்தில் சிக்கல் வேறு. மரநிழலில் மண் ஈரமாக இருக்கும், துகள்களுக்கு இடையே நிற்கும் நீர் அவற்றைப் பிணைத்து வைக்கும். வெயில் விழும் திறப்பில் மண் காய்ந்து, கெட்டித் தரையின்மேல் தூசு உருளும். ஒரே வளைவின் முதல் பாதியில் இருந்த பிடிமானம் மறுபாதியில் இருக்காது. கண்ணுக்கும் இதே தொல்லை: வெளிச்சத்தில் கண்பாப்பா சட்டென்று சுருங்கும், இருளில் மெதுவாகத்தான் விரியும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடித் தடுமாற்றம் என்பது ஐந்தரை மீட்டர் குருட்டு ஓட்டம். கறுப்புக் கண்ணாடி காட்டுக்குள் உதவாது.

கடைசியாக பிரேக். இந்த விளையாட்டின் தொட்டில்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டி. 1976 அக்டோபரில் அங்கே ஒரு மலைத்தடத்தில் சிலர் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் ஓடினார்கள். இறக்கம் சுமார் 400 மீட்டர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக் பின்சக்கரத்தின் நடு உருளைக்குள் (ஹப்) இருந்தது. அதன் கிரீஸ் சூட்டில் புகைந்து ஆவியாகிவிட, ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் புதுக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. தடத்துக்கு ரீபேக், அதாவது ‘மறுபடி அடைத்தல்’, என்று பெயர் வந்ததே அதனால்தான். 94 கிலோ 400 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் 368 கிலோஜூல்; ஒரு லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்க அது போதும். காற்றும் மண்ணும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் பிரேக்குக்கு. இன்றைய டிஸ்க் பிரேக்கில் அந்தச் சூடு திறந்தவெளியில் சுழலும் மெல்லிய உலோகத் தட்டில் போய்ச் சேர்கிறது. தட்டு சிவந்து காட்டாது, புகையாது. நீண்ட இறக்கம் முடிந்து அப்பா பைக்கைச் சாய்த்து வைத்ததும் பளபளவென்று இருக்கும் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்க்க மகளுக்கு ஆசை வரும். கொப்பளித்துவிடும், தள்ளியே நிறுத்துங்கள்.