இழுத்தால் போகலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தது?

என் கால்நடை மருத்துவமனைக்கு வந்தவரின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இடது கையில் நாயின் கயிறு, அதுவும் உள்ளங்கையில் இரண்டு சுற்று. மறுமுனையில் 34 கிலோ லாப்ரடார், ஒன்றரை வயது, வாலை ஆட்டியபடி அவரை என் மேஜைவரை இழுத்து வந்தது. பூனையைப் பார்த்துப் பாய்ந்ததில் கயிறு சுற்றிய கையோடு விழுந்திருக்கிறார். "ஒரு கை போனது போதாதா, இன்னொன்றிலும் ஏன் சுற்றியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். "அப்பத்தான் பிடி நழுவாது டாக்டர்" என்றார்.

அவர் வந்தது நாயின் இருமலுக்காக. சோக் செயினை, அதாவது இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியை, விலக்கிப் பார்த்தால் கழுத்தில் முடி தேய்ந்து தோல் சிவந்து கிடந்தது. இந்த மாதத்தில் இப்படி வந்த மூன்றாவது நாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

"இவன் என்னைவிடப் பெரிய ஆள்னு நினைக்கிறான் டாக்டர். யார் தலைவன்னு காட்டணும்னு சொன்னாங்க."

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இந்தத் 'தலைவன்' கதை ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் என்பவர் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காகப் போட்டி போடுகின்றன என்று எழுதினார். 1970இல் வந்த ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக்கின் நூல் அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியது. அதே மெக், காட்டு ஓநாய்களைப் பல ஆண்டுகள் பார்த்த பிறகு, 1999இல் ஒரு கட்டுரை எழுதித் தன்னைத் திருத்திக்கொண்டார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம்தான். சொன்னவரே விட்டுவிட்டார், நாம் விடமாட்டேன் என்கிறோம். ஓநாயே அப்படி இல்லை. உங்கள் நாய் ஓநாயும் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டாலும், நாலு அடி முன்னால் ஓடுவதற்கும் ஆட்சியைப் பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம்? தெருமுனைக் கம்பத்தில் கடைசியாக எந்த நாய் காலைத் தூக்கியது என்று அதற்குத் தெரிய வேண்டும். அதன் இயல்பான நடையும் நம் நடையைவிட வேகம். இழுத்தது, நீங்கள் பின்னாலேயே போனீர்கள், கம்பம் வந்துவிட்டது. இழுத்தால் கம்பம் வரும் என்பது பாடம். வாத்தியார் நீங்கள்தான்.

'அடியாத மாடு படியாது' என்று மாட்டுக்குச் சொன்னதை நாய்க்கும் மாட்டிவிடுகிறோம், செயின் வடிவத்தில். கழுத்துப்பட்டையோடு நாய் இழுக்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் கூடுவதை 2006இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து காட்டியது. ஹார்னெஸ், அதாவது கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை, போட்டபோது அப்படிக் கூடவில்லை. ஏற்கெனவே கண்ணிலோ மூச்சுக்குழாயிலோ கோளாறு உள்ள நாய்க்குக் கழுத்தில் எதையும் இழுபட விடாதீர்கள்.

சரி, என்ன செய்வது? கயிறு விறைத்த நொடியே நின்றுவிடுங்கள். பேச வேண்டாம், சுண்டி இழுக்கவும் வேண்டாம். நாய் திரும்பிப் பார்க்கும், அல்லது ஓரடி பின்வாங்கும். கயிறு தொய்ந்ததும் நடங்கள். உங்கள் தொடைக்குப் பக்கத்தில் வரும்போதெல்லாம் அங்கேயே, அந்த உயரத்திலேயே, ஒரு தீனித் துண்டு. முதலில் வீட்டுக்குள், அப்புறம் வாசலில், கடைசியாகத்தான் தெருவில். முதல் நாள் பத்து நிமிடத்தில் வாசலைக்கூடத் தாண்டமாட்டீர்கள். பரவாயில்லை. கம்பம்வரை தொய்ந்த கயிற்றோடு வந்தால் ஆசை தீர மோந்து பார்க்க விடுங்கள். அதைவிடப் பெரிய பரிசு அதற்கு இல்லை.

வீட்டில் எல்லாரும் இதையே செய்ய வேண்டும். அப்பா நிற்க, மகன் 'இன்னிக்கு மட்டும்' என்று பின்னால் ஓடினால் இழுப்பது இன்னும் கெட்டிப்படும். என்றைக்காவது விழும் என்றுதானே மனிதர்களும் விடாமல் பரிசுச் சீட்டு வாங்குகிறார்கள்?

ஹார்னெஸ் வாங்கினால் மார்புப் பக்கம் வளையம் உள்ளதாக வாங்குங்கள். பனியில் வண்டி இழுக்கும் நாய்களுக்குக் கயிறு பின்பக்கம்தான் மாட்டுவார்கள். முதுகில் மட்டும் வளையம் இருந்தால் உங்கள் நாய்க்கும் இழுக்க வசதியாகிவிடும். கயிறு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் போதும். சுருளிலிருந்து நீண்டு சுருங்கும் கயிறு பயிற்சிக்கு ஆகவே ஆகாது. அது எப்போதும் லேசாக விறைப்பாகவே இருக்கும், மெல்லிய இழை கையையும் அறுத்துவிடும்.

அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள். மிச்சக் கயிற்றை மடித்து உள்ளங்கையில் வைத்து மூடிப் பிடியுங்கள்.

அன்று மருந்து எழுதிக் கொடுத்து, செயினைக் கழற்றி, ஹார்னெஸ் மாட்டி அவரோடு நானும் வாசல்வரை நடந்தேன். ஏழெட்டு மீட்டர் இருக்கும். ஒன்பது நிமிடம் ஆனது, பத்துப் பதினைந்து முறை நின்றோம். கடைசி இரண்டு மீட்டர் கயிறு தொங்கியபடியே வந்தது. படியில் இறங்கும்போது பழக்கதோஷத்தில் கயிற்றைக் கையில் சுற்றப் போனார். முறைத்தேன். விட்டுவிட்டார்.